வரைபடத்தில் விடுபட்ட புள்ளி

புன்னைமேட்டு மடம் பெரியதன்று. ஒரு கூடம், ஒரு கிணறு, நாள்தோறும் நூறு பேருக்குச் சோறு வடிக்கும் ஓர் அடுப்படி. அவ்வளவுதான். அதை நடத்தி வந்தவர் செங்கமல அம்மை.

பினாங்கில் பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற தணிகாசலம் பெருவாசலார், அம்மையைவிடப் பதினான்கு ஆண்டு மூத்தவர். ஆயினும் அம்மையையே ஆசிரியராக ஏற்றிருந்தார். ஒவ்வொரு தை மாதமும் வந்து பத்து நாள் மடத்துப் பணி செய்துவிட்டுப் போவது அவர் வழக்கம்.

இம்முறை ஆவணியிலேயே வந்து நின்றார். தோளில் துணிப்பை, கையில் ஒரு நீண்ட தகரக் குழல்.

"அதற்குள் தை பிறந்துவிட்டதா?" என்றார் அம்மை.

"கேள்வி ஒன்று இருக்கிறது, அம்மை. தை வரைக்கும் அது காத்திருக்காது."

"உட்காருங்கள்."

தணிகாசலம் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். அவருடைய ஒரே மகள் தேன்மலருக்குத் திருமணம் உறுதியாகி இருந்தது. மாப்பிள்ளை தென்னாப்பிரிக்காவில் பிறந்தவன், பெயர் குகன். பண்புள்ளவன். முகூர்த்தம் பக்கத்து ஊரில்தான்; அதற்கு இன்னும் பதினொரு நாளே இருந்தது. திருமணப் பதிவுக்காகப் போன வாரம் அவன் தன் கடவுச்சீட்டைக் கொடுத்தான். அதுவரை குகன் என்றே எல்லாரும் அறிந்திருந்தனர்; குடும்பப்பெயர் எழுதும் இடத்தில் 'பெருவாசலார்' என்றிருந்தது.

"என் பெயர், அம்மை! எங்கள் குடிப்பெயர்! ஒரே குடி என்றால் பங்காளி. பங்காளி என்றால் என் மகளுக்கு அவன் அண்ணன் முறை. பார்த்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பந்தல் வேலையை நிறுத்திவிட்டேன்."

"மகள் என்ன சொன்னாள்?"

"'எனக்கு அண்ணன் வேண்டுமென்று நான் கேட்கவே இல்லையே, அப்பா' என்றாள்."

அடுப்படி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பவுனம்மாள் களுக்கென்று சிரித்தாள். அம்மை திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"அழுதிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அழவில்லை. 'நீங்கள் தவறென்று சொன்னால் அவரை விடமாட்டேன். அம்மை தவறென்று சொன்னால் விட்டுவிடுகிறேன்' என்று சொல்லிவிட்டாள். நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும்."

அம்மை தகரக் குழலைப் பார்த்தார். "அதில் என்ன?"

தணிகாசலத்தின் முகம் அந்த வேதனையிலும் மலர்ந்தது. குழலைத் திறந்து ஓர் உலக வரைபடத்தைக் கூடத்தின் தரையில் விரித்தார். அதில் நானூற்றுப் பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெருவாசலார் குடும்பம். பினாங்கு, ஈப்போ, ரங்கூன், டர்பன், மொரீசியஸ், பிஜி. பதினோராண்டு உழைப்பு. அதை நூலாக்கி அச்சுக்கும் கொடுத்துவிட்டார். திருமண மேடையிலேயே வெளியிடுவதாக இருந்தது.

"அரண்மனையின் பெருவாசலைக் காத்த வீரர்கள் எங்கள் முன்னோர். அதனால் பெருவாசலார். கடல் கடந்தும் பெயரை விடவில்லை. எத்தனை நாடுகள், பாருங்கள்!"

அம்மை குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"பெயர் பிறந்த ஊர் எது?"

"செந்தாழைக்குடி. இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். பெருவாசல் வீடு என்று ஒரு பெரிய வீடு இன்றும் அங்கே இருக்கிறது. நேற்றுப் போய் வந்தேன்."

"அங்கே புள்ளி இல்லையே."

தணிகாசலம் வரைபடத்தின் ஓரத்தை நீவினார். நேற்று அந்த வீட்டு முற்றத்தில் நடந்ததை அவர் எவரிடமும் சொல்லும் எண்ணத்தில் இல்லை. அம்மையிடம் மறைக்க இயலவில்லை.

வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவன், இவர் தம் பெயரைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தானாம். "பெருவாசலாரா? அப்படி இங்க யாரும் கிடையாதுங்க. இது பெருவாசல் வீடு, அம்புட்டுதான். எங்களுக்கெல்லாம் அப்பா பேரோட மொத எழுத்துதான். வீட்டுப் பேர எதுக்கு சார் முதுகுல தூக்கிக்கிட்டுத் திரியணும்?" என்றானாம்.

"ஊரில் வேறு எவருக்காவது அந்தப் பெயர் உண்டா?"

"ஒருவருக்கும் இல்லை, அம்மை. உள்ளூர்க்காரர்கள் பழம்பெருமையை மறந்துவிட்டார்கள். நாங்கள்தாம் மறக்கவில்லை."

அம்மை எழுந்து, "முதலில் பணி. ஊர்த் திருவிழாச் சமையலுக்கு இரவல் வாங்கிய பாத்திரங்கள் குவிந்து கிடக்கின்றன. வீடு வாரியாகப் பிரித்து வையுங்கள்" என்றார்.

மடத்துக்கு வரும்போதெல்லாம் தணிகாசலம் விரும்பிச் செய்யும் வேலை அது. அண்டா, குண்டான், தவலை, தாம்பாளம் என்று ஒவ்வொன்றின் விளிம்பிலும் வெட்டியிருந்த பெயரை வாசித்துப் பிரித்தார். எட்டு வீடுகள், எட்டு அடுக்குகள். ஒரு கரண்டிகூட மாறவில்லை.

அம்மை வந்து பார்த்தார். "எல்லாவற்றிலும் பெயர் இருந்ததா?"

"இருந்தது, அம்மை."

"நம் அடுப்படி உப்புச் சாடியில்?"

"இல்லை."

"அம்மிக்கல்லில்?"

பவுனம்மாளால் பொறுக்க முடியவில்லை. "நல்லாக் கேட்டீங்க, அம்மை! அம்மிக்கல்லுல யாராச்சும் பேர் வெட்டுவாங்களா? அது எந்திரிச்சு எந்த ஊருக்குப் போகப் போவுது?"

"பினாங்கு ஐயா சொல்லட்டும். பெயரை எதற்காக வெட்டுகிறார்கள்?"

"இது என்ன கேள்வி, அம்மை? வெளியே போகிற பாத்திரம் யாருக்குச் சொந்தம் என்று..."

வாக்கியம் அங்கேயே நின்றது.

கூடத்துத் தரையில் வரைபடம் விரிந்து கிடந்தது. கடல்களுக்கு அப்பால் எல்லாம் சிவப்பு. செந்தாழைக்குடி மட்டும் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையை அவர் பதினோராண்டாகப் பார்த்து வந்திருக்கிறார். இன்றுதான் அது அவரைத் திரும்பிப் பார்த்தது.

"இல்லை," என்றார். குரல் அவருடையதாக இல்லை. "இல்லை, அம்மை. சான்று இருக்கிறது. என் பூட்டனார் போன கப்பலின் பதிவேட்டையே படியெடுத்து வைத்திருக்கிறேன். நூலில் மூன்றாம் இயல். 'ஒரு குடி ஒரு கப்பலை நிறைத்தது.'"

"வாசியுங்கள்."

பையிலிருந்து தாளை எடுத்தார். கண்ணாடியை இருமுறை துடைத்தார்.

"சடையன். தந்தை மூக்கன். ஊர் கீழைப்புலம். வயது இருபது. பெருவாசலார். மாரியாயி. தந்தை பிச்சன். ஊர் ஆனைப்பள்ளம். வயது பதினேழு. பெருவாசலார். குப்பன். தந்தை பெயர் தெரியவில்லை. ஊர் தெரியவில்லை. வயது பன்னிரண்டு. பெருவாசலார்."

இருநூற்று முப்பத்தொரு பெயர்கள். ஒருவர் தந்தை மற்றவர் தந்தையல்லர். ஒருவர் ஊர் மற்றவர் ஊரன்று. செந்தாழைக்குடியில் பிறந்தவர் ஒருவருமில்லை. இவர்களையெல்லாம் 'கிளைகள்' என்று அவர் தம் கையாலேயே எழுதியிருந்தார்.

"'பெருவாசலார்' என்று வரும் கடைசிப் பத்திக்கு மேலே என்ன தலைப்பு?"

தணிகாசலம் அந்த இடத்தை விரலால் மறைத்தார். மாணவர் ஏட்டில் ஒரு புள்ளி பிசகினாலும் சிவப்பு மையால் சுழித்தவர் அவர்.

"மூலத்தில் அந்த இடத்தைப் பூச்சி அரித்துவிட்டது. 'குடிப்பெயர்' என்று... நானே நிரப்பினேன்."

"வேறு எந்தச் சொல் அங்கே பொருந்தும்?"

கிணற்று உருளை கிறீச்சிட்டது. யாரோ நீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் தாளைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஏற்றி அனுப்பியவர். பெருவாசல் வீட்டார்."

தாள் கையிலிருந்து நழுவியது. அவர் அதை எடுக்கவில்லை. அடுக்கிய பாத்திரங்களுக்கு நடுவே, எட்டு வீட்டுப் பெயர்களுக்கு நடுவே, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என் பூட்டனார் பெயர் குப்பன்," என்றார். "பன்னிரண்டு வயது. தந்தை பெயர் தெரியவில்லை."

பவுனம்மாள் உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் உரித்தால் யாருக்கும் கண் கலங்கும்.

திடீரென்று தணிகாசலம் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "நூலைக் கொளுத்திவிடுகிறேன். என் பெயரிலிருந்து இந்தப் பெயரைச் சுரண்டி எறிகிறேன். அதைச் சொல்லிக்கொண்டு எத்தனை மேடையில் நிமிர்ந்து நின்றிருக்கிறேன்! என் வீட்டு வாசலில் பித்தளைப் பலகையில் பொறித்து வைத்திருக்கிறேன், அம்மை! பித்தளையில்!"

அம்மை அடுப்படி மூலையைக் காட்டினார். அங்கே இடுப்பளவு உயரத்தில் பழைய அண்டா ஒன்று நின்றது. மடத்துச் சோறு அன்றாடம் வடிவது அதில்தான்.

"அதில் ஒரு பெயர் இருக்கிறது. புளி அதோ. தேய்த்து அழித்துக் காட்டுங்கள்."

தணிகாசலம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தேய்த்தார். வெறியோடு தேய்த்தார். கரி போயிற்று, களிம்பு போயிற்று. அண்டா மின்னத் தொடங்கியது. 'ஓடக்கரையார் வீடு' என்ற எழுத்துகள் முன்னினும் தெளிவாகத் தெரிந்தன.

வியர்வை வழிய அவர் நிமிர்ந்தார்.

"பவுனு, இந்த அண்டா யாருடையது?" என்று கேட்டார் அம்மை.

"அந்த ஓடக்கரையார் வீடு இடிஞ்சு, அந்த எடத்துல புளியமரம் மொளச்சு, அதுவும் காய்ச்சு ஓஞ்சு போச்சுங்க. இதுல பசியாறுனவங்களக் கேட்டா, மடத்து அண்டாம்பாங்க. எங்க அம்மாவும் இதுல சாப்புட்டவதான், நானும்தான்."

தணிகாசலம் அண்டாவின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். புளி அப்பிய விரல்கள் அந்த எழுத்துகளின் மேல் கிடந்தன.

"குகனின் முன்னோரும் அப்படி ஒரு கப்பலில் ஏற்றப்பட்டவர்கள்தாம். பங்காளிகள் அல்லர்," என்றார்.

விரல்களில் அப்பிய புளியைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மை, என் மகளுக்கு நான் என்ன சொல்ல? அவள் உங்கள் சொல்லுக்காகக் காத்திருக்கிறாள்."

அம்மை கீழே கிடந்த தாளை எடுத்து, தூசி தட்டி, நான்காக மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தார்.

"ஒன்றும் சொல்லவேண்டாம். கல்யாணப் பந்தியில் எத்தனை பேர் என்று கேளுங்கள். கழுவிய கையோடு அண்டாவையும் கொண்டுபோகலாம்."