நாட்ராயன் பெரியப்பாவின் மஸ்கட் லைசென்ஸ்

எங்க நாட்ராயன் பெரியப்பா வாயைத் திறந்தா பாதியைத் தள்ளிட்டுத்தான் கேக்கணும். மீதிப் பாதியிலயும் கொஞ்சம் கழிக்கணும். இது எங்க சொந்தத்துல எல்லாருக்கும் தெரியும். அப்படி இருந்தும் அன்னைக்கு ஞாயித்துக்கிழமை காலைல, எங்க ஊர்ப் பொண்ணுங்க கபடி டீம் மொத்தமும் அவர் வாயை நம்பி ஸ்கூல் கேட்டு முன்னாடி உக்காந்திருந்துச்சு.

தாராபுரத்துல பதினோரு மணிக்கு ஃபைனல். நேரத்துக்குப் போகலைன்னா எதிர் டீம் ஜெயிச்சதா எழுதிருவாங்க. எங்க கேப்டன் மகுடேஸ்வரிக்கு இதை விட்டா வேற வழியே இல்லை. போலீஸ் டீமுக்கு ஆள் எடுக்கறவங்க அந்த மேட்சைப் பாக்க வர்றாங்க, அடுத்த வருஷம் அவளுக்கு வயசு தாண்டிரும். வேன் என்னமோ முந்தின நாளே வந்து நிக்குது. ஆனா டிரைவர் அந்தோணி அண்ணனுக்கு பரோட்டா ஒத்துக்காம ஆஸ்பத்திரில டிரிப்ஸ் ஏறுது. பெரிய முகூர்த்த நாள், ஒட்டன்சத்திரத்துல வேற வண்டி ஒண்ணுகூடக் கிடைக்கல. பஸ்ஸெல்லாம் கல்யாணக் கூட்டத்துல நிரம்பி நிக்காமப் போகுது.

எங்களுக்குப் பயிற்சி குடுக்கற பி.டி. டீச்சர், வேற டிரைவர் கிடைப்பாங்களான்னு கேக்க அந்தோணி அண்ணன் சம்சாரம் ஃபிலோமினா அக்காவுக்கு ஃபோன் போட்டாங்க. என்னை வழியனுப்ப வந்திருந்த பெரியப்பா அந்த ஃபோனை வெடுக்குனு பிடுங்கி, "நீ சாவியை மட்டும் கொண்டா ஆத்தா. டிரைவர் இங்க இருக்கறான். மஸ்கட் லைசென்ஸு!"ன்னு சொல்லி வெச்சுட்டாரு.

பதினஞ்சு வருஷம் மஸ்கட்ல பேக்கரி வேலை பாத்துட்டு போன மாசந்தான் ஊருக்கு வந்தவரு. சாவி வர இருபது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் அவர் சும்மா இருப்பாரா?

"நெசமாலுமே லைசென்ஸ் இருக்குதா பெரியப்பா?"ன்னு மகுடேஸ்வரி கேட்டா. நகத்தை எல்லாம் அதுக்குள்ள கடிச்சுத் தீத்திருந்தா.

பெரியப்பா பையில இருந்து ஒரு அட்டையை எடுத்து, தூரத்துல இருந்தே ஒரு ஆட்டு ஆட்டிட்டு திரும்ப உள்ள வெச்சுக்கிட்டாரு.

"என்ன கண்ணு இப்படிக் கேட்டுப்போட்ட? அந்த ஊர்ல வெளிநாட்டுக்காரன் லைசென்ஸ் வாங்கறது லேசுப்பட்ட காரியமா? என்ற ரூம்ல குஞ்ஞுமோன்னு ஒரு மலையாளி இருந்தான். மொத டெஸ்ட்டுக்குப் போறப்ப மீசை கருகருன்னு இருந்துச்சு. அவன் பாஸாகி வெளிய வர்றப்ப கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போக பேரன் வந்திருந்தான்."

"நீங்க எத்தனை தடவை?"

"நானா? ஒரே தடவை. மொதல்ல கண் டெஸ்ட்டு. செவுத்துல எழுத்து அட்டை மாட்டியிருந்தாங்க. கடைசி வரி வரைக்கும் படிச்சேன். போதும்னாங்க. இருங்க சார்னுட்டு, அதுக்குக் கீழ அட்டை அச்சடிச்ச பிரஸ்ஸோட அட்ரஸையும் படிச்சேன். அப்புறம் ஜன்னல் வழியா எதுத்த கட்டடத்தைப் பாத்து, 'சார், அங்க மூணாவது மாடியில காலண்டர்ல நேத்துத் தேதியை இன்னும் கிழிக்கல'ன்னேன். ஆள் விட்டுப் பாத்தாங்க. ஆமான்னுட்டாங்க!"

"போன வாரம் எங்கம்மாவைப் பாத்து 'நல்லாருக்கியா தம்பி'ன்னு கேட்டீங்களே?"ன்னா வளர்மதி. எங்க டீம்ல எதிராளி காலை அவதான் நல்லாப் பிடிப்பா. வாயையும் விட மாட்டா.

"அன்னைக்கு வெயில்ல கூசுச்சு. குறுக்க பேசாத. அடுத்தது டிரம் டெஸ்ட்டு. ரெண்டு பக்கமும் எண்ணெய் டிரம்மு வெச்சிருப்பாங்க, நடுவுல ரிவர்ஸ்ல வண்டியை நிறுத்தோணும். டிரம்மு லேசா ஆடுனாப் போச்சு, ஃபெயிலு. நான் கண்ணாடியைக்கூடப் பாக்காம சர்ருனு விட்டேன். போலீஸ் ஆபீசருக்கு நம்பிக்கை வரல. டிரம்மை இன்னும் நெருக்கி வெச்சாரு. விட்டேன். இன்னும் நெருக்குனாரு. கடைசியில வண்டிக்கும் டிரம்முக்கும் நடுவுல ஒரு அப்பளம் நுழையாது. அதுலயும் விட்டேன்! என்ன, கதவைத் திறக்க முடியல. மூணு நாள் உள்ளயே உக்காந்திருந்தேன். ஜன்னல் வழியா வேளா வேளைக்கு பிரியாணி குடுத்தாங்க."

"அப்புறம் எப்படி வெளிய வந்தீங்க?"

"போன மாதிரியேதான். வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்."

"அதை மொத நாளே செஞ்சிருக்கலாமே?"

"பிரியாணி நல்லா இருந்துச்சு கண்ணு."

டீச்சரே சிரிச்சுட்டாங்க. மகுடேஸ்வரி மட்டும் சிரிக்கல, ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. மணி ஒம்போதே முக்கால்.

"அப்புறம்தான் ரோடு டெஸ்ட்டு. ஆபீசரு பக்கத்துல உக்காந்து 'எடு'ன்னாரு. நான் எடுக்கல. கீழ எறங்கி நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சேன். என்னடா இதுன்னாரு. சார், எங்க ஊர்ல இது இல்லாம சைக்கிளைக்கூட எடுக்க மாட்டோம்னேன். நாலு பழமும் நசுங்குச்சு பாரு, வண்டி ரோட்டுல போகல, மெதந்துச்சு! மறுநாள் அந்த ஊர்ல அத்தனை போலீஸ் ஜீப்புக்கும் எலுமிச்சம்பழம். மார்க்கெட்ல பழமே இல்லை. நம்ம புளியங்குடியில இருந்து தனி பிளேன்ல போச்சு."

"ஓ, அதனாலதான் அந்த வருஷம் ஊறுகாய் வெலை ஏறுச்சா?"ன்னு வளர்மதி கேட்டா.

"பின்ன? அப்புறம் ஒரு ரவுண்டானா வந்துச்சு. நடுவுல பெரிய மணிக்கூண்டு. நான் சுத்துன வேகத்துல மணிக்கூண்டும் என்கூடவே சுத்த ஆரம்பிச்சிருச்சு. ஊர்ல ஒருத்தனுக்கும் மணி தெரியல. ஆபீசரு தலையைப் பிடிச்சுக்கிட்டு, 'அப்பா சாமி, இங்கயே கையெழுத்துப் போடறேன், நிறுத்து'ன்னு அழுதாரு. 'போடுங்க, நிறுத்தறேன்'னேன். அப்படி வாங்குன லைசென்ஸு இது! தாராபுரம் எல்லாம் எனக்கு ஒரு தூரமா? கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள கொண்டுபோய் எறக்கிருவேன்."

"கண்ணைத் தொறந்தே ஓட்டுங்க பெரியப்பா"ன்னா மகுடேஸ்வரி.

அந்த நேரத்துல மொபெட்ல ஃபிலோமினா அக்கா வந்து எறங்குனாங்க. சாவியைப் பாத்ததும் பெரியப்பா குரல் கொஞ்சம் எறங்குன மாதிரி எனக்குத் தோணுச்சு. வேனைச் சுத்தி வந்தாரு. டயரை எல்லாம் எத்திப் பாத்தாரு.

"எல்லாம் சரிதான். ஆனா எலுமிச்சம்பழம் இல்லாம நான் வண்டி எடுக்கறதில்லையே. ஞாயித்துக்கிழமையில எந்தக் கடை தொறந்திருக்கும்..."

வளர்மதி டீம் பையைத் தொறந்தா. "ஜூஸ் போட இருபது பழம் வெச்சிருக்கேன் பெரியப்பா. நாலு டயருக்குப் போக ஸ்டெப்னிக்கும் ஒண்ணு வெச்சுக்கலாம்."

வேற வழியில்லை. பெரியப்பா ஏறி உக்காந்தாரு. ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. அப்புறம் குனிஞ்சு கீழ பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

"ஏம்மா, இதுல என்ன மூணு பெடல் இருக்குது?"

டீச்சர் அவர் பையில இருந்து அந்த அட்டையை உருவிப் படிச்சாங்க. "ஆட்டோமேடிக் வண்டி மட்டும்னு போட்டிருக்கு. இது கியர் வண்டிங்க!"ன்னாங்க. மகுடேஸ்வரிக்குக் கண்ணு கலங்கிருச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துல பெரியப்பா மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னு இருந்துச்சு.

அப்பவும் அவர் விடல. "அந்த மூணாவதை மஸ்கட் ஆபீசருங்களேதான் கழட்டுனாங்க கண்ணு. உன்ற தெறமைக்கு ரெண்டே போதும், இது எங்க ஊர்ல உன் ஞாபகார்த்தமா இருக்கட்டும்னு கண்ணாடிப் பெட்டிக்குள்ள..."

"நகருங்க பெரியவரே"ன்னாங்க ஃபிலோமினா அக்கா. முந்தானையை இடுப்புல செருகிக்கிட்டு ஏறுனாங்க.

"நீங்க ஓட்டுவீங்களாக்கா?"

"எங்க வீட்டுக்காரருக்கு ஓட்டக் கத்துக்குடுத்ததே நான்தான். லைசென்ஸ் எல்லாம் இருக்கு. நானே ஓட்டிட்டுப் போறேன்னு ஃபோன்லயே சொல்ல வந்தேன். அதுக்குள்ள வெச்சுட்டாரு."

பத்து அம்பதுக்கு தாராபுரம் கிரவுண்டுல நின்னோம். வழி முழுக்க பெரியப்பா கிளீனர் சீட்டுல உக்காந்து, "லெஃப்ட்ல ஆட்டோ, பாத்து பாத்து"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. மூணு பாயின்ட்ல ஜெயிச்சோம். கடைசி ரெய்டுல மகுடேஸ்வரி ரெண்டு பேரைத் தொட்டுட்டு வந்தா. போலீஸ் டீம்காரங்க அவ பேரையும் ஃபோன் நம்பரையும் எழுதிக்கிட்டாங்க.

திரும்பி வர்றப்ப ஒரு டீக்கடையில நிறுத்துனோம். நாங்க எறங்கறதுக்குள்ள பெரியப்பா டீ மாஸ்டர்கிட்ட ஆரம்பிச்சுட்டாரு.

"மூணு பெடல் வண்டிங்க. ஒட்டன்சத்திரத்துல எடுத்தது. தாராபுரம் வர்ற வரைக்கும் அந்த மூணாவது பெடலை இந்தக் கால் தொடவே இல்லைன்னா நம்புவீங்களா?"

"நம்பலாங்கண்ணா"ன்னா மகுடேஸ்வரி, டீயை வாங்கிக்கிட்டே. "மத்த ரெண்டையுந்தான் தொடலையே."