பாறையடிக் களஞ்சியம்

இமயத்தில் மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கும் மேலே, புல்லும் பூவும் மட்டுமே வளரும் ஒரு மலைவெளி. அங்கே ஒரு குடிலில் சிவகாமி அம்மாள் இருந்தார். சீடர் ஆவுடையப்பன் அவரைவிட வயதில் மூத்தவர். பேரன் பேத்தி எடுத்த பிறகு ஞானம் தேடித் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்.

ஒருநாள் காலை அவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அம்மா, பெரிய பாவம் பண்ணிட்டேன்."

"முதல்ல உட்காருங்க. என்ன ஆச்சு?"

"போன வாரம் உங்க இருமலுக்கு மூலிகை பறிக்கப் போனேன்ல? பறிக்கவே இல்லை. ஒரு பாறைக்கு அடியில தழையும் பூவும் காஞ்சு குவிஞ்சு கிடந்தது. ஆண்டவனே அனுப்பிட்டான், நோகாம நோன்பு கும்பிடலாம்னு மூட்டை கட்டிட்டு வந்துட்டேன்."

"சரி."

"இன்னைக்குப் போய்ப் பார்த்தா, அது ஒரு குட்டிப் பிராணி சேர்த்து வெச்சதும்மா. எலி அளவுதான் இருக்கு. வால் இல்லை."

"முயலுக்குப் பங்காளி அது. கோடை முழுக்கப் புல்லைக் கடிச்சு வெயில்ல காயப்போடும். பனி மூடிட்டா அதுதான் அதுக்குச் சோறு."

"காலிப் பாறையையே சுத்திச் சுத்தி வருது. பனி விழப்போகுது. செத்துப்போயிடும். இன்னையிலிருந்து நான் உபவாசம்."

"நீங்க பட்டினி கிடந்தா அதுக்கு வயிறு நிறையுமா?"

அம்மாள் அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். மூட்டையில் மிச்சமிருந்ததை ஆவுடையப்பன் தூக்கிக்கொண்டார். பாதி ஏற்கெனவே கஷாயமாகி அம்மாளின் வயிற்றுக்குள் போயிருந்தது.

போன பாதிக்கு ஈடாகப் புல்லும் பூவும் அறுத்தார்கள். எல்லாவற்றையும் பாறைமேல் பரப்பிவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள். பிராணியைக் காணோம். மனுஷ வாடை பட்டதைத் தொடுமோ தொடாதோ என்று ஆவுடையப்பன் எட்டி எட்டிப் பார்த்தார்.

வெயில் ஏறியது. 'கீச்' என்று ஒரு சத்தம். பாறைச் சந்திலிருந்து ஒரு வட்டக் காது எட்டிப்பார்த்தது. பிராணி வெளியே வந்து மஞ்சள் பூ ஒன்றைத் தண்டோடு கவ்விக்கொண்டு உள்ளே ஓடியது. திரும்பி வந்தது. இந்தத் தடவை வாய் கொள்ளாத புல்.

ஆவுடையப்பனுக்கு அப்பாடா என்று இருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அம்மா, அது என்னை மன்னிச்சிடுச்சா?"

"அதுக்கு ஏதுங்க நேரம்? குளிர் வருது. நீங்க இன்னொரு கட்டு அறுங்க."