பாரத்துக்கு ஏற்ற விசிறி

"படகைத் தள்ளுற விசிறி, அதுல சரியானதை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?"

இன்னாசி கேட்டபோது ஜெனோவா ஒரு என்ஜினுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருஷம் கடலுக்குப் போனவர். அவளுக்கு முப்பத்தாறு. படகு என்ஜினைப் பிரித்து மாட்டுவதில் அந்தக் கரையில் அவளை மிஞ்ச ஆளில்லை. எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நீங்க கடலுக்குப் போயே பதினோரு மாசமாச்சே அண்ணே. இப்ப எதுக்குக் கேக்கீங்க?"

"தெரிஞ்சுக்கணும் மேஸ்திரி. தப்பான விசிறியை மாட்டித்தான் பெர்க்மான்ஸைக் கொன்னுட்டேன்."

பெர்க்மான்ஸ் அவர் மனைவியின் தம்பி. நடுக்கடலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இறந்துபோனான்.

"ஊர்லயே வேகமான படகு என்னுதா இருக்கணும்னு, இறக்கை நல்லாச் சாய்ஞ்ச விசிறியாப் பாத்து மாட்டினேன். போகும்போது பறக்கும். அன்னிக்குத் திரும்பும்போது என்ஜின் முக்குது, படகு எழும்பவே இல்ல. அவன் தலை என் மடியில."

ஜெனோவா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில வாங்க."

வந்தார். ஒரு மாதம் தினமும் வந்தார். பாசி பிடித்த பழைய விசிறிகளை அவர் முன் குவித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். அவர் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க, இறக்கை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது உள்ளங்கைக்கே தெரிய ஆரம்பித்தது.

ஒவ்வொரு நாளும் கிளம்பும்போது கேட்பார்.

"அன்னிக்கு எதை மாட்டியிருக்கணும்?"

அவள் இன்னொரு விசிறியை அவர் பக்கம் தள்ளிவிடுவாள்.

ஒருநாள் அவளே கேட்டாள்.

"அன்னிக்குப் படகுல என்ன பாரம்?"

"நாங்க ரெண்டு பேரு. வலை."

"அவ்வளவுதானா?"

இன்னாசி கையிலிருந்த விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாளை மீனு. இருபத்தஞ்சு கூடை இருக்கும். அந்த வருஷத்துல அப்படி ஒரு மீன்பாடு யாருக்கும் கிடைக்கல."

மறுநாள் காலை அவருடைய படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். ஜெனோவா இருபத்தைந்து சாக்குகளில் மணல் நிரப்பி ஏற்றச் சொன்னாள். அவருடைய பழைய விசிறியையே மாட்டினாள். தூரத்து மிதவைக்குப் போய், அங்கிருந்து கரைக்குத் திரும்பினார்கள்.

என்ஜின் முக்கியது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் அமிழ்ந்து ஊர்ந்தது. இன்னாசி கண்ணை மூடிக்கொண்டார்.

கரை தட்டியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மிதவையிலேருந்து நாப்பது நிமிஷம்" என்றாள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று வேறொரு விசிறியை மாட்டினாள். இதில் இறக்கையின் சாய்வு குறைவு. அதே பாரம், அதே மிதவை.

இந்த முறை படகு தண்ணீரை விட்டு எழும்பியது.

"இருபத்தெட்டு."

இன்னாசி உடைந்துவிட்டார். "இதுதான். இதை மாட்டியிருந்தா என் மச்சான் பொழைச்சிருப்பான். என் வீட்டுக்காரிகிட்டயும் இதைத்தான் சொன்னேன், விசிறிதான் தப்புன்னு. பாத்தீங்களா மேஸ்திரி? நான் சொன்னது சரிதானே?"

ஜெனோவா மறுபடியும் தண்ணீரில் இறங்கினாள். இரண்டாவது விசிறியைக் கழற்றி, பழையதையே மாட்டினாள்.

"அதை எதுக்கு?"

"உக்காருங்க."

மிதவைக்குப் போனதும் என்ஜினை நிறுத்தினாள். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து முதல் சாக்கைக் கிழித்து, மணலைக் கடலில் கொட்டினாள். பிறகு அடுத்தது.

இன்னாசி பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது சாக்கு போனபோது, "மேஸ்திரி" என்றார்.

அவள் நிறுத்தவில்லை.

பத்தாவதுக்குப் பிறகு அவரும் எழுந்தார். இருவருமாகக் கொட்டினார்கள். கடைசிச் சாக்கு காலியாகக் கொஞ்ச நேரம்தான் பிடித்தது.

அவள் என்ஜினைக் கிளப்பினாள். படகு பறந்தது. கரை அவர்களை நோக்கி ஓடிவந்தது.

கடிகாரத்தை அவர் கையில் கொடுத்தாள். கொட்டிய நேரத்தையும் சேர்த்து இருபத்தொன்று.



"எந்த விசிறியை மாட்டித் தரட்டும் அண்ணே?"

அவர் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தார்.

வீட்டு முற்றத்தில் அவர் மனைவி செலஸ்தின் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"விசிறி மேல தப்பில்ல" என்றார் இன்னாசி. "மீனைக் கடல்ல தள்ளியிருந்தா வந்திருப்பேன். அன்னிக்கே தோணிச்சு. இந்தா கரை வந்துரும், இந்தா வந்துரும்னு இருந்துட்டேன்."

அவள் ஈரச்சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். சுருக்கத்தை நீவினாள்.

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தம்பியை இறக்க ஓடி வந்தேன்ல. படகுல கால் வைக்க இடமில்ல. மீன் மேல ஏறி நின்னுதான் அவனைத் தூக்கினேன்."