ராசாங்கம் சித்தப்பா ஏற்றிவிட்ட பெட்ரோல் முள்

எங்கள் ராசாங்கம் சித்தப்பாவுக்குக் காய்ச்சல் வந்து தர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டினால், வெளியே வந்து நூற்றைம்பது என்பார். அப்படிப்பட்ட மனிதர் என் கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், "பெட்ரோல் முள்ளை நான் சரி பண்ணிட்டேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கழுத்தில் மாலை ஏறப்போகிறவனுக்கு மூளை கொஞ்சம் மட்டாகத்தான் வேலை செய்யும்போல.

முள் என்றால் என் மாமனார் வண்டியில் பெட்ரோல் அளவு காட்டுகிற முள். அவர் பெயர் தவமணி, போடியில் ஏலக்காய் வியாபாரம். அவருடைய அப்பா ஒரு எஸ்டேட் துரையிடம் வாங்கிய பழைய சீமைப் பிளசர் கார் ஒன்று வீட்டில் இருக்கிறது. கூரையை மடக்கலாம், ஹாரனை அமுக்கினால் எருமை கத்தும். அந்த வீட்டு வழக்கப்படி மாப்பிள்ளையை அதில்தான் அழைத்துப் போவார்கள். குலதெய்வக் கோயிலில் மாலை போட்டு ஏறினவன், மண்டபத்து வாசலில் ஆலாத்தி எடுக்கிறவரை தரையில் கால் வைக்கக் கூடாது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம். அதற்குள் நான் வாசலில் நிற்க வேண்டும். மாமனாரின் மூத்த மருமகன், அதாவது என் சகலை, தன் மாப்பிள்ளை அழைப்பில் பிந்தி வந்துவிட்டார். ராகு காலம் முடிகிறவரை அவரை வாசலிலேயே வண்டிக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். ரெண்டு பிள்ளை பெற்ற பிறகும் அந்த வீட்டில் அவருக்கு 'ராகு மாப்ள' என்றுதான் பெயர். சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகின்றன. எனக்கு அந்தப் பட்டம் வேண்டாம், அவ்வளவுதான்.

முள் துரை காலத்திலேயே படுத்துவிட்டது. என்னை அழைக்க வண்டியை ஓட்டி வந்த டிரைவர் மொக்கச்சாமி அதைச் சட்டை செய்வதில்லை. வெட்டு வெட்டாக அளவு போட்ட மூங்கில் குச்சி ஒன்று வைத்திருந்தார். டேங்கில் விட்டு எடுத்து, நனைந்த அளவைப் பார்த்துப் பெட்ரோல் போடுவார். சித்தப்பாவுக்கு அந்தக் குச்சியைப் பார்த்ததும் ரோஷம் வந்துவிட்டது. எங்கள் சின்னமனூர் வீட்டு வாசலில் வைத்தே டேங்கைத் திறந்து, உள்ளேயிருந்த மிதவையைக் கழற்றி, எதையோ தேய்த்து, மறுபடி மாட்டினார். முள் எழுந்து பாதியில் நின்றது. மொக்கச்சாமி குச்சியை விட்டுப் பார்த்தார். அதுவும் பாதி.

"பாத்தியா? இனி எதுக்குடா இந்த விறகு?" என்று சித்தப்பா குச்சியைப் பிடுங்கி எதிரே ஓடிய வாய்க்காலில் எறிந்தார். அது மிதந்து போனதை மொக்கச்சாமி பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வருசநாட்டுப் பக்கம் குலதெய்வத்தைக் கும்பிட்டு, மாலை போட்டு, போடிக்குக் கிளம்பினோம். முன்னால் மொக்கச்சாமியும் சித்தப்பாவும். பின்னால் நானும், தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு பேச்சியம்மாள் அத்தையும். அத்தை சித்தப்பாவுக்கு அக்கா. சொந்தக்காரர்கள் வேனில் பின்னாடி வந்தார்கள்.

வண்டி ரோட்டில் ஏறியதுமே சித்தப்பா தொடங்கிவிட்டார்.

"இந்த முள்ளுக்கு மதுரைல இருந்து ஆளு வந்தான், முடியல. கோயமுத்தூர்ல இருந்து வந்தான், அழுதுட்டுப் போனான். கடைசியில சீமையில இருந்து ஒரு வெள்ளைக்காரன் வந்து, ராசாங்கம்னு ஒருத்தர் இருக்காராமே, அவரைப் பாருங்கன்னு சொல்லிட்டுக் கப்பலேறிட்டான்."

"எப்படா வந்தாய்ங்க இம்புட்டுப் பேரும்?" என்றாள் அத்தை. "காலைல பல்லு வெளக்கிட்டு டேங்கைக் கழட்டுன. இட்லி ஆறுறதுக்குள்ள திங்க வந்துட்ட."

"அது கைராசிக்கா. மூணாறுப் பக்கம் ஒரு எஸ்டேட் வண்டி. மிதவை ஓட்டையாகி முங்கிப்போச்சு. நான் என்ன பண்ணேன், காஞ்ச சுரைக்குடுவை ஒண்ணைக் கட்டி உள்ள விட்டேன். அதுக்கப்புறம் அந்த முள்ளு பெட்ரோலை மட்டுமா காட்டுச்சு? ரோட்டுல முன்னாடி யானை நின்னா ஆடும். ஒத்தை யானைன்னா ஒரு ஆட்டம். கூட்டம்னா தடதடன்னு அடிக்கும்."

"குட்டி யானையா இருந்தா?" என்று கேட்டார் மொக்கச்சாமி.

"பாதி ஆட்டம்."

மொக்கச்சாமி கியரை மாற்றினார். கண்டமனூர் வந்தது. பெட்ரோல் பங்கைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டப் போனார்.

"எதுக்குடா? முள்ளைப் பாரு. பாதிக்கு மேல நிக்கிது" என்றார் சித்தப்பா. உண்மைதான். பாதிக்கு ஒரு நூல் மேலேதான் நின்றது. மொக்கச்சாமி தலையைச் சொறிந்தார். "குச்சி இருந்தா ஒரு முங்கு முக்கிப் பாத்துருவேன்" என்றார். "குச்சி குச்சின்னு சாகுறான்யா" என்றார் சித்தப்பா. வண்டி பங்கைத் தாண்டியது.

"முங்குன்னதும் ஞாபகம் வருது" என்றார் சித்தப்பா. "ஒரு ஜமீன் வண்டி. டேங்கு கண்மாய் மாதிரி கெடக்கும். மிதவை கழண்டு அடியில விழுந்துருச்சு. ஒருத்தனுக்கும் எடுக்கத் தெரியல. நான் சட்டையைக் கழட்டிட்டு உள்ள குதிச்சிட்டேன்."

"டேங்குக்குள்ளயா? அந்த மூடி வழியாவா?"

"அப்ப நான் ஒல்லிடா மொக்கை."

"நீ என்னைக்குடா ஒல்லியா இருந்த?" என்றாள் அத்தை. "பொறந்தன்னைக்கே உன்னைத் தூக்க ரெண்டு ஆளு வேணும்."

சித்தப்பா காதில் வாங்கவில்லை. "உள்ள பூராம் கும்மிருட்டு. தீக்குச்சியைக் கிழிச்சேன்."

மொக்கச்சாமி பிரேக்கே போட்டுவிட்டார். "பெட்ரோலுக்குள்ளயா அண்ணே?"

"பதறாத. நான் முங்கியிருக்கேன்ல? நனைஞ்ச குச்சி எப்படிடா பத்தும்?"

"பத்தாத குச்சியை வச்சு எப்படிப் பாத்தீக?"

"அதான் மிதவை கைல ஆப்பிட மூணு நாளாச்சு."

அத்தை தாம்பாளத்து வெற்றிலையில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். சீர் வெற்றிலையைத் தின்னக் கூடாது என்று காலையில் எல்லாருக்கும் சட்டம் போட்டவள் அவள்தான்.

தேனியை நெருங்கும்போது மொக்கச்சாமி திடீரென்று, "அண்ணே, முள்ளு ஏறுதுண்ணே" என்றார். எட்டிப் பார்த்தேன். முக்கால். ஒரு நிமிஷம் சித்தப்பாவே அசந்துபோனார். சொன்ன புளுகு பலித்து அவர் பார்த்ததில்லை. வாய் பிளந்தபடி முள்ளையே பார்த்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஊறுதுடா" என்றார்.

"என்னது ஊறுது?"

"பெட்ரோலு. என் கை பட்ட டேங்குல ஊத்துக்கண்ணு தெறந்துரும். வெளிய சொல்றதில்ல, கண்ணு பட்டுரும்னு. கம்பத்துல ஒருத்தனுக்கு இப்படித்தான் முள்ளைச் சரி பண்ணிக் குடுத்தேன். ஒரு தடவை போட்ட பெட்ரோலு. காசிக்குப் போயிட்டு வந்தான். வந்து, மிச்சத்தை எறச்சு மிஷின்ல ஊத்தி ரெண்டு குழி நெலத்து வாழைக்கு மருந்தடிச்சான்."

"நான் ஓட்டுன வண்டியில பூராம் ஓட ஓடக் குறையத்தான்ணே செய்யும்."

"அதெல்லாம் சாதா வண்டி."

"டேய், பேசாம பங்குல நிறுத்துங்கடா" என்றாள் அத்தை. பங்கு வந்தது. வாசல்வரை வரிசை நின்றது. எனக்குச் சகலையின் முகம் ஞாபகம் வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், முள்ளைப் பார்த்தேன். இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. "முக்கால்தான் காட்டுதே, ஓட்டுங்கண்ணே" என்றேன்.

கோடாங்கிபட்டி தாண்டியதும் மாமனாரிடமிருந்து போன் வந்தது.

"எங்க மாப்ள வாரீக? இங்க கரண்டு வேற போயிருச்சு. ஜெனரேட்டரை வச்சு ஓட்டிக்கிட்டிருக்கோம். வண்டியில பெட்ரோலு கெடக்கா?"

நான் வாய் திறப்பதற்குள் சித்தப்பா போனைப் பறித்துவிட்டார். "சம்மந்தி! வண்டியைப் பத்திக் கவலையே படாதீக. முள்ளு எந்திரிச்சு ஃபுல்லுக்குக் கிட்ட நிக்கிது. நாங்க மண்டபம் வாரதுக்குள்ள டேங்கு வழியும், வாளி எடுத்து வைங்க!"

போடியை நெருங்கியபோது முள் ஃபுல்லைத் தொட்டது. தொட்ட அதே நேரம் வண்டி ரெண்டு விக்கல் விக்கி, ஓரமாகப் போய் நின்றது.

மொக்கச்சாமி இறங்கிப் போய் வேப்பமரத்தில் ஒரு நீளக் குச்சி ஒடித்து, இலையை உருவி, டேங்குக்குள் விட்டு எடுத்தார். நுனியைத் தடவினார். மோந்தார். பிறகு அதைச் சித்தப்பா மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பல்லு வெளக்கலாம்ணே. அம்புட்டும் காஞ்சு கெடக்கு."

"முள்ளு ஃபுல்லுன்னு காட்டுதேடா!"

"காட்டும். மிதவையைத் தலைகீழா மாட்டி வச்சிருக்கீக. பெட்ரோலு குறையக் குறைய முள்ளு ஏறுது. காலைல பாதி டேங்கு இருந்துச்சா, பாதிக்கு எப்படி மாட்டினாலும் பாதிதான். அதான் என் குச்சியும் ஏமாந்துருச்சு."

மண்டபத்து வாழைமரம் தூரத்தில் தெரிந்தது. ரோட்டில் போகிற யாரையாவது பங்குக்கு அனுப்பி வாங்கி வருவதற்குள் ராகு வந்துவிடுவான். இறங்கி ஓடலாம் என்றால் கால் தரையில் படக் கூடாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. 'ராகு மாப்ள ரெண்டாவது' என்று பிள்ளைகள் கூப்பிடுவது காதிலேயே கேட்டது.

அத்தைதான் பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். வேனை நிறுத்தினாள். "எறங்குங்கடா எல்லாரும். தள்ளுங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள். மாமன், மச்சான், பந்தியில் முதல் வரிசையைக் குறி வைத்து வந்தவன் என்று அத்தனை பேரும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளினார்கள். மொக்கச்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் மாலையும் கழுத்துமாகப் பின்சீட்டில் சாமிபோல உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா மட்டும் முன்சீட்டை விட்டு அசையவில்லை.

"நீ எறங்குடா" என்றாள் அத்தை.

"முள்ளை ஒரு ஆளு பாத்துக்கிறணும்லக்கா."

நாலரைக்குச் சற்று முன்னால் வாழைமரத்தைத் தாண்டினோம். மேளக்காரர்கள் வண்டி வந்த லட்சணத்தைப் பார்த்து வாசிப்பதையே நிறுத்திவிட்டார்கள். மாமனார் வாசலுக்கு வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற என் சொந்தக்காரர்களைப் பார்த்தார், அவர்கள் வேட்டிகளைப் பார்த்தார், கடைசியில் சித்தப்பாவைப் பார்த்தார்.

"என்ன சம்மந்தி, தள்ளிக்கிட்டு வாரீக?"

தள்ளுவதற்கு இறங்காத சித்தப்பா இப்போது நிதானமாக இறங்கித் துண்டை உதறினார். "அதை ஏன் கேக்குறீக. டேங்குல பெட்ரோலு ஊறுன ஊத்துல கனம் கூடிப்போச்சு. வண்டியால இழுக்க முடியல. பாவம், பழைய வண்டிதானே, நாங்க கொஞ்சம் கை குடுத்தோம்."

பக்கவாட்டில் போய் முள்ளை எட்டிப் பார்த்தார் மாமனார். அது ஃபுல்லில் கம்பீரமாக நின்றது. அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"ரொம்ப நல்லதாப் போச்சு சம்மந்தி" என்றார். "ஜெனரேட்டர்ல பெட்ரோலு தீந்து இப்பத்தான் நின்னுச்சு. யாரை அனுப்புறதுன்னு முழிச்சிக்கிட்டிருந்தேன். இதுல ஒரு அஞ்சு லிட்டர் எறக்கிக் குடுங்க."

ஒரு கேனை எடுத்துச் சித்தப்பா காலடியில் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி ஆலாத்திக்குக் கண் காட்டினார். ராகுவுக்கு முன்னால் என் கால் தரையில் பட்டது. மொக்கச்சாமி டிக்கியிலிருந்து ஒரு முழ நீள ரப்பர் டியூப்பை எடுத்து வந்தார்.

"இந்தாங்கண்ணே. ஊத்துக்கண்ணுல விட்டு நல்லா உறிஞ்சுங்க."

மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. சித்தப்பா டியூப்பை வாங்கி டேங்கில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்தார். மறுநாள் நான் தாலி கட்டி முடிக்கிறவரை அதை அவர் வாயிலிருந்து எடுக்க வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டாள்.