கிழவரும் மாப்பிள்ளையும்

“டீச்சர், இனிமே ஒரே பேச்சுதான். ஒண்ணு கிழவர் வெளிய போகணும், இல்ல நான் வெளிய போகணும்.”

ஆறுமுகநயினார் தோள்பையை இறக்கி வைக்கும் முன்பே சொல்லிவிட்டார்.

கிழவர் என்றதும் யாரோ பாவப்பட்ட பெரிய மனிதர் என்று பதற வேண்டாம். அவர் ஒரு மென்பொருள். கம்ப்யூட்டர் திரையில் தெரிகிறதை எல்லாம் வரைந்து காட்டுகிற வேலை அவருக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் அதே வேலை. அவர் இடத்தைப் பிடிக்க வந்திருக்கும் புது மென்பொருளுக்கு மாப்பிள்ளை என்று பெயர்.

பெயர் வைத்தவர்கள் பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடை மாடியில் ஞாயிறுதோறும் கூடுகிற இருபத்து மூன்று பேர். யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்களைச் சேர்த்துக் கோத்து, ‘தும்பை’ என்று ஒரு தமிழ்க் கணினி அமைப்பைச் செய்து ஊர் ஊராக நூலகங்களுக்குக் கொடுக்கிறார்கள். சம்பளம் கிடையாது. ஆசைக்குச் செய்கிறார்கள்.

ஆசைக்குச் செய்கிற இடத்தில் வரும் சண்டை இருக்கிறதே, சொத்துச் சண்டை அதன் கிட்டே நிற்காது.

நயினார் தொலைபேசி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தோரு வயதில், தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரான எஸ்தர் டீச்சரிடம் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். மாப்பிள்ளையைத் தும்பைக்குள் கொண்டுவந்து குடிவைக்க இரண்டு வருஷம் உழைத்திருக்கிறார். அதை எதிர்த்து நிற்பவர் காஜா மைதீன். எட்டு வருஷம் இருவரும் ஒரே கடையில் டீ குடித்தார்கள். இப்போது இரண்டு மாதமாகப் பாய் எதிர்க் கடையில் குடிக்கிறார்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஓட்டு. கிழவர் போனால் பாயோடு ஏழு பேர் போவார்கள். இருந்தால் நயினார் போவார். இரண்டில் எது நடந்தாலும் தும்பை அதோடு சரி.

“மாப்பிள்ளையைக் காட்டுங்க அண்ணாச்சி,” என்றார் டீச்சர்.

நயினாருக்கு முகம் மலர்ந்தது. மடிக்கணினியைத் திறக்கப் போனார்.

“இதுல காட்டுங்க.” மேசைமேல் இருந்த பெரிய கணினியை டீச்சர் அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

காட்டினார். ஜன்னல்கள் வழுக்கிக்கொண்டு வந்தன, வழுக்கிக்கொண்டு போயின. எழுத்து பளிச்சென்று இருந்தது. டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பிறகு கையை நீட்டித் திரையை அணைத்துவிட்டார்.

“டீச்சர்!”

“கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டுதான் இருக்கு. பாய்க்கு ஒரு கடிதம் எழுதுங்க.”

“திரை இல்லாமலா?”

“ம்.”

நயினார் விசைப்பலகையைத் தட்டினார். சத்தமே இல்லை. எங்கே திறந்தது, எங்கே எழுதுகிறோம், ஒன்றும் தெரியவில்லை. ஒரு குத்துமதிப்பாக நாலு வரி தட்டினார். டீச்சர் திரையைப் போட்டார். கடிதத்தைக் காணோம். நாலு வரியும் தேடல் பெட்டிக்குள் போய் விழுந்து கிடந்தது. ‘அப்படி எதுவும் இல்லை’ என்று கம்ப்யூட்டர் சொல்லியிருந்தது.

“இப்ப கிழவர்ல.”

வெளியேறி, கிழவரைத் தேர்ந்தெடுத்து உள்ளே நுழைந்ததும் மறுபடி திரை அணைந்தது. நயினார் ஒரு விசையைத் தொட்டார். ஒலிபெருக்கியில் ஒரு கரகரத்த குரல் கிளம்பியது. எழுதும் பக்கம் திறந்திருக்கிறது என்றது. அவர் அடிக்க அடிக்க ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னது.

“அன்புள்ள பாய்,” என்றது குரல்.

நயினாருக்கு அதற்கு மேல் விரல் ஓடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, ரோஷம் திரும்பி வந்தது.

“டீச்சர், நீங்களே சொல்லுங்க. கிழவர் கிட்ட ஒரு இடத்துல அடிக்கிறதை இன்னொரு புரோகிராம் ஒட்டுக்கேட்கலாம். பாஸ்வேர்டு உட்பட. அந்த ஓட்டை வழியாத்தான் இந்தக் குரலும் கேட்டுக் கேட்டுச் சொல்லுது. அந்த ஓட்டையைத்தான நான் அடைச்சேன்? தப்பா?”

“தப்பே இல்ல. அடைக்கத்தான் வேணும்.”

“அப்புறம் என்ன?”

“சுவர் நல்லா எழுப்பியிருக்கீங்க அண்ணாச்சி. கதவு எங்க வச்சீங்க?”

நயினார் விசைப்பலகையில் இருந்து கையை எடுத்தார்.

“பாய் திரும்பத் திரும்பத் திறந்த புகார் ஒண்ணு உண்டுல்லா,” என்றார் டீச்சர். “அதை வாசிங்க.”

“அது வீம்புக்குத் திறக்காரு. நான் மூடுவேன், அவரு திறப்பாரு. மூணு தடவை.”

“வாசிச்சீங்களா?”

நயினார் தலையைக் குனிந்துகொண்டார். பழைய அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை இருந்தாலும் அந்தப் புகாரைத் தானாகவே மூடுகிற மாதிரி அவர் ஒரு நிரல் எழுதியிருந்தார். போகப்போகிறவரைப் பற்றி என்ன புகார் வேண்டிக்கிடக்கிறது என்ற எண்ணம். ஒரே மதியத்தில் நானூற்றுப் பன்னிரண்டு மூடியது. அன்றைக்கு அவர் பெருமையோடு பாயசம் வைக்கச் சொல்லிச் சாப்பிட்டார்.

திரையைப் போட்டு, புகாரைத் திறந்தார். அம்பாசமுத்திரம் பக்கத்து நூலகம் ஒன்றில் இருந்து வந்திருந்தது. அங்கே மாப்பிள்ளையின் முன்னோட்டப் பதிப்பை அவரே போய் நிறுவிவிட்டு வந்திருந்தார்.

‘என் பெயர் செல்வக்கனி. எனக்குக் கண் தெரியாது. தேர்வுக்குப் படிக்கிறேன். பழையதில் கம்ப்யூட்டர் எனக்குப் படித்துச் சொல்லும். புதியது வந்தபிறகு பேசவில்லை. இங்கே இது ஒன்றுதான் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பியை விட்டு இதை அனுப்புகிறேன்.’

அதன் கீழே நிரலின் பதில்: ‘பழைய அமைப்பு நீக்கப்பட உள்ளது. புகார் மூடப்படுகிறது.’

அதன் கீழே பாய்: ‘தீரவில்லை.’

மூடப்படுகிறது. தீரவில்லை. மூடப்படுகிறது. தீரவில்லை.

“இந்த மனுஷன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!” என்று கத்தினார் நயினார். கத்தும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. வாசித்திருக்கலாமே என்று அவருக்கே பட்டது.

டீச்சர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

“வெள்ளிக்கிழமை பாயும் இதே நாற்காலியிலதான் இருந்தாரு. ஒண்ணு மாப்பிள்ளை போகணும், இல்ல நான் போகணும்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கிழவர் கிட்ட அந்த ஒரு ஓட்டையை மட்டும் அடைச்சிட்டு வாங்கன்னேன்.”

“அடைச்சாரா?”

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கண் சிவக்க வந்து நின்றார் காஜா மைதீன்.

“டீச்சர், அந்த ஆளு வயித்துக்குள்ள ஒரு இழவும் விளங்கல. ஒண்ணைத் தொட்டா ஒம்பது உடையுது. ரெண்டு நாளா தலையைப் பிச்சுக்கிட்டேன். எழுதினவங்களும் இப்ப இல்ல, சொல்லித்தரவும் ஆள் இல்ல. எத்தனை காலத்துக்கு இந்தாளை வச்சு…”

நயினாரைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

டீச்சர் திரையை அணைத்தார். ஒரு விசையை அழுத்தினார்.

“அன்புள்ள பாய்,” என்றது கரகரத்த குரல்.

காஜா மைதீன் காத்திருந்தார். குரல் மேலே போகவில்லை.

“அப்புறம்?”

“அவ்வளவுதான் எழுதியிருக்கேன்,” என்றார் நயினார்.

நாலு மணிக்கு நடக்கவிருந்த ஓட்டைத் தள்ளி வைத்தார்கள். அம்பாசமுத்திரத்தில் அன்றே கிழவரைத் திரும்ப உட்கார வைத்துவிட்டு வந்தார் பாய். அடுத்த ஏழு ஞாயிறும் இருவரும் ஒரே மேசையில் இருந்தார்கள், திரையை அணைத்துவிட்டு. உம்ம சுவரு, உம்ம கிழவன் என்று கத்திக்கொண்டேதான் வேலை பார்த்தார்கள். டீ மட்டும் பழைய கடையில் இருந்து வந்தது.

மாப்பிள்ளையின் சுவரில் புது வாசல் வைத்தாயிற்று. அனுமதி கொடுத்த குரலுக்கு மட்டும் காது உண்டு, மற்ற எதற்கும் கிடையாது. அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பினார்கள். புகாரை இந்த முறை நயினார் மூடவில்லை. செல்வக்கனி மூடட்டும் என்று விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மூடப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பியின் உதவி இல்லாமல் அவளே எழுதியிருந்தாள்: ‘பேசுது.’

அந்த ஞாயிறு ஓட்டு.

“கிழவரை அனுப்பிவைக்கச் சம்மதிக்கிறவங்க கை தூக்கலாம்,” என்றார் எஸ்தர் டீச்சர்.

முதலில் எழுந்தது காஜா மைதீனின் கை. ஒவ்வொன்றாக இருபத்திரண்டு கைகள் எழுந்தன. நயினார் மட்டும் மடிக்கணினிக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன வே நயினாரு?” என்றார் பாய். “ரெண்டு வருஷம் இதுக்குத்தான குதிச்சீரு! தூக்கும் கையை.”

“தூக்குதேன் பாய். மூடின புகாருல இன்னும் நானூத்திப் பதினொண்ணு வாசிக்க வேண்டியிருக்கு.”

காஜா மைதீன் தூக்கிய கையை இறக்கினார். நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“பாதியை இங்க தள்ளும்.”