பத்துப் பேருக்கு ஒருவர்

முன்னொரு காலத்தில் கொன்றைமாநகரைச் செருவழுதி என்று ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காலையில் யாராவது காதில் ஓதினால் மத்தியானத்துக்குள் அது சட்டமாகிவிடும். அப்படி ஓதுவதற்கென்றே வல்லபராயர் என்று ஒருத்தர் இருந்தார். நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் அவர்தான் கண்காணி. பட்டு வேட்டியில் புழுதி படுமே என்று, பல்லக்கில் உட்கார்ந்தபடி தெருவிலிருந்தே பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மனுஷர்.

துறைமுகத் தெருப் பள்ளிக்கூடம் என்றாலே அவருக்கு ஆகாது. அங்கே பாடம் சொல்லிக்கொடுத்த பேச்சாயி, ஒருமுறை சபையில் ராஜா போட்ட புதிருக்கு அவரை முந்திக்கொண்டு விடை சொல்லிவிட்டாள். அந்த வயிற்றெரிச்சல் ஆறவே இல்லை.

ஒரு நாள் ராயர் சபையில் ஓலையை விரித்தார்.

"மகாராஜா, நகரத்தில் ஏழு பள்ளிக்கூடம். நானூற்றிருபது பிள்ளைகள், நாற்பத்திரண்டு உபாத்தியாயர்கள். பத்துப் பேருக்கு ஒருவர். ஒரு குறையும் வைக்கவில்லை. அரண்மனைத் தெருவில் அத்தனை பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். துறைமுகத் தெருவில் பாதிக்கு மேல் தேறவில்லை. எல்லாம் அந்தப் பேச்சாயியின் சோம்பல். அதை மூடிவிட்டால் புது யானையைக் கட்டத் தோதான இடம்."

"கட்டிவிடுங்கள். வெள்ளிக்கிழமை நல்ல நாள்," என்றான் ராஜா.

சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது. பேச்சாயிக்கு எப்படி இருந்திருக்கும்? அவளிடம் நூற்று நாற்பது பிள்ளைகள். படகுக்காரர் பிள்ளைகள், உப்பளத்துப் பிள்ளைகள், கப்பலில் வந்திறங்கிய குடும்பத்துப் பிள்ளைகள். ஒரே அறையில் ஆறு பாஷை. ஒரு கப்பல் வந்தால் நாலு பேர் சேருவார்கள், அது கிளம்பினால் மூன்று பேர் போய்விடுவார்கள். இத்தனைக்கும் அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தை மூடினால் அத்தனை பேரும் உப்பு வாரத்தான் போக வேண்டும். அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே சபைக்குப் போனாள்.

"மகாராஜா, மூடுவதானால் மூடுங்கள். அதற்கு முன்னால் அரண்மனையில் ஒரு விருந்து வையுங்கள். பரிமாறுகிற ஏற்பாட்டை மட்டும் என்னிடம் விடுங்கள். ராயர் பள்ளிக்கூடங்களை நடத்துகிற அதே முறையில் நடத்துகிறேன்."

விருந்து என்றதும் ராஜாவுக்கு நாக்கில் ஜலம் ஊறிவிட்டது.

"நானூற்றிருபது இலை, பரிமாற நாற்பத்திரண்டு பேர். சரிதானே, ராயரே?" என்றாள் பேச்சாயி.

"பத்துப் பேருக்கு ஒருவர். பேஷான ஏற்பாடு," என்று ராயர் மீசையைத் தடவிக்கொண்டார்.

வியாழக்கிழமை ஏழு பந்தி போட்டார்கள். "மகாராஜா எந்தப் பந்தியில் உட்காருகிறீர்கள்?" என்று கேட்டாள்.

"எது பெரிசோ அதில்தான். ராஜா சின்னப் பந்தியில் உட்காரலாமா?"

"ராயருக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது. அந்த இருபது இலைப் பந்தியில் உட்காரட்டும்."

ராஜாவின் பந்தியில் நூற்று நாற்பது இலை. பரிமாற மாடசாமி ஒரே ஆள். உப்பு வைத்துக்கொண்டே போய், திரும்பி வந்து ஊறுகாய் வைத்தார். பல் போன புரோகிதர் சோற்றைக் குழைத்துத் தரச் சொன்னார். குழைத்தார். சேனாதிபதிக்கு இனிப்பு ஆகாது. வடதேசத்துத் தூதர் என்ன கேட்கிறார் என்றே புரியவில்லை. கையால் ஜாடை காட்டி மூன்று தடவை கேட்டார். ஒரு கோடியில் சாம்பார் ஊற்றும்போது மறு கோடியில் இன்னும் சோறே விழவில்லை. ராஜாவின் இலையில் உப்பும் ஊறுகாயும் மட்டும் இருந்தன. ராஜா ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ராயரின் பந்தியில் பதினாலு பேர் பரிமாறினார்கள். நெய்க்கு ஒருவர், அப்பளத்துக்கு ஒருவர், விசிற ஒருவர், "இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்ச ஒருவர். ராயர் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டார்.

பேச்சாயி ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மகாராஜா, ராயர் பந்தியில் எல்லாரும் தேறிவிட்டார்கள். உங்கள் பந்தியில் பாதிக்கு மேல் தேறவில்லை. மாடசாமி சோம்பேறி. இந்தப் பந்தியை மூடிவிடலாமா?"

"சோம்பேறியா? அந்த ஆள் ஓடி ஓடி மூச்சு வாங்கிக் கிடக்கிறார். ஒரே ஆளை விட்டால் எப்படியம்மா முடியும்?" என்று ராஜா சீறினான்.

"பத்துப் பேருக்கு ஒருவர் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள். எனக்கும் நூற்று நாற்பது பிள்ளைகள், மகாராஜா. நானும் ஒருத்திதான்."

ராஜா ஊறுகாய்க் கையோடு ராயர் பக்கம் திரும்பினான். "அரண்மனைத் தெருவில் எத்தனை பிள்ளைகள்?"

"இருபது, மகாராஜா."

"உபாத்தியாயர்கள்?"

"பதினாலு."

"பதினாலு பேரும் அங்கே என்ன செய்கிறார்கள்?"

"ஒருவர் பாடம் சொல்வார். ஒருவர் ஏட்டைப் பிடித்துக்கொள்வார். ஒருவர் விசிறுவார்."

"மீதிப் பதினோரு பேர்?"

ராயர் காலியான பாயசக் கிண்ணத்தைப் பார்த்தார். "என் மைத்துனர்கள், மகாராஜா."

சபையே சிரித்தது. ராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. விசாரிக்காமல் உத்தரவு போட்டது அவன்தானே. "யானையை வேறெங்காவது கட்டுங்கள். பதினோரு மைத்துனர்களும், அவர்களோடு ராயரும், நாளையிலிருந்து துறைமுகத் தெருவில் பேச்சாயியிடம் வேலை பார்க்க வேண்டும். இனி எந்தத் தெருவில் எத்தனை பிள்ளையோ அதற்குத் தக்க ஆள் போடுங்கள்," என்றான். அதற்கப்புறம்தான் அவனுக்குச் சோறு வந்தது.

மறுநாள் பேச்சாயி பதினோரு மைத்துனர்களையும் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொன்னாள். நாலு பேர் எழுதினார்கள். மற்ற ஏழு பேருக்கும் எழுத்தே தெரியவில்லை. அவர்களைப் பிள்ளைகளோடு தரையில் உட்கார வைத்து அகரத்திலிருந்து ஆரம்பித்தாள். ராயர் தொண்டை கட்டிப்போகிற வரைக்கும் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார், பட்டு வேட்டியில் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தார். பாவம், நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்.

அடுத்த வருஷம் அவரே சபையில் ஓலை வாசித்தார். "துறைமுகத் தெருவில் இந்த வருஷம் தேறாதவர்கள் பதினோரு பேர் மட்டும், மகாராஜா. அதில் நாலு பிள்ளைகள் பரீட்சைக்கு முதல் நாள் கப்பலேறிவிட்டார்கள்."

"சபாஷ். மீதி ஏழு பேர் யார் வீட்டுப் பிள்ளைகள்?"

"என் மாமனார் வீட்டுப் பிள்ளைகள்," என்றார் ராயர்.