உவர்க்கிணறும் நெல்லிக்காயும்

வேலங்குளத்து ஜமீன்தார் ஊருணியைச் சுற்றி வேலி போட்டுப் பூட்டிவிட்டார். குடிகளுக்கு மிஞ்சியது உவர்க்கிணறுதான். அதன் தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் வயிற்றுவலியில் சுருண்டார்கள். துணி வெளுக்கும் இருளாயியின் மகளும் படுத்துவிட்டாள்.

இருளாயி நேரே அரண்மனைக்குப் போய்ச் சாவியைக் கேட்டாள்.

"கிணற்றுத் தண்ணி என் வாயில் இனிக்கட்டும், தருகிறேன்" என்று ஜமீன்தார் சிரித்தார்.

மறுநாள் கிணற்றடியில் ஊரே கூடியது; ஜமீன்தாரும் வந்தார்.

"வெயில்ல வந்திருக்கீங்க சாமி, பித்தத்துக்கு நல்லது" என்று இருளாயி நெல்லிக்காயை நீட்டினாள். அதை மென்று தின்றவர், அவள் இறைத்துத் தந்த தண்ணீரைக் குடித்தார்.

"அட, இனிக்குதே!" என்றவரின் முகம் உடனே கறுத்தது. "இது நெல்லிக்காய்த் துவர்ப்பு செய்த வேலைடி!"

"ஆமாங்க சாமி. இதைக் கொடுத்து ஏமாத்தித்தான் எங்க பிள்ளைங்களைத் தினமும் குடிக்க வைக்கிறோம்."

ஜமீன்தார் இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து அவள் கையில் வைத்தார்.